புதுப்பிப்பு: முதுநிலை மருத்துவக் கலந்தாய்வில் விருப்பங்களை எந்த வரிசையில் எழுதுவது?

எட்டாத இடத்தை முதலில் எழுதினால் கிடைக்கக்கூடிய இடமும் கைநழுவிப் போகுமா என்று, சென்னையில் நீட் முதுநிலைத் தேர்வு எழுதிய என் அக்கா மகளுக்காக முன்பு கேட்டிருந்தேன். போகாது என்பதே விடை.

தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவரது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, அவர் தகுதிபெறும் இடஒதுக்கீட்டுப் பிரிவில் இன்னும் காலியாக உள்ள முதல் இடத்தை ஒதுக்கிவிட்டுத்தான் கணினி அடுத்தவரிடம் செல்கிறது. ஓர் இடத்தை எத்தனையாவதாக எழுதினோம் என்பதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. அதே பிரிவில் நமக்குப் பின்னால் இருப்பவர் அதை முதல் விருப்பமாகவே எழுதியிருந்தாலும், நம் முறை முடிந்த பிறகே அவர் முறை வரும். ஆகவே சென்னை மருத்துவக் கல்லூரியின் பொது மருத்துவத்தை முதலிலும் ஸ்டான்லியை அடுத்தும் அவள் துணிந்து எழுதினாள். 'கிடைப்பதை முதலில் போடு' என்னும் அறிவுரை (இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்) இந்த முறைக்குப் பொருந்தாது.

கவனம் வேண்டியது இரண்டாம் சுற்றில். அகில இந்திய ஒதுக்கீட்டில், முதல் சுற்றில் சேர்ந்தவர் மேம்பாட்டுக்கு (இன்னும் நல்ல இடத்துக்கு மாற) விருப்பம் தெரிவித்து வேறோர் இடம் பெற்றால், பழைய இடம் தானாகவே ரத்தாகி அடுத்தவருக்குப் போய்விடும். எனவே கையிலிருப்பதைவிட உண்மையிலேயே மேலென்று கருதுபவற்றை மட்டுமே அந்தப் பட்டியலில் எழுத வேண்டும்.

அமெரிக்க ரெசிடென்சி (மருத்துவப் பட்டத்துக்குப் பின் மருத்துவமனையில் பெறும் சிறப்புப் பயிற்சி) பற்றிக் கேட்டவர்களுக்கு: அங்கே பயிற்சி மருத்துவமனைகளும் விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்துகின்றன. எனினும் 1998 முதல் விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்கும் கணிப்புமுறையே பயன்படுவதால், அங்கும் மனத்திலுள்ள வரிசையை அப்படியே எழுதலாம்.