மடிப்பா, கொசுவமா? ஹாட் டப் பில்ட்டருக்கு ஒரு பேரு

எல்லாருக்கும் வணக்கம்,

கும்பகோணம் பக்கத்துல ஒரு ரிசார்ட்டுக்கு பராமரிப்புக் கையேடு தமிழ்ல எழுதிட்டிருக்கேன். ஹாட் டப்புக்கு வெந்நீர்த்தொட்டின்னு போட்டாச்சு, அதுல சண்டை இல்ல. மாட்டிக்கிட்டது பில்ட்டர்ல. அங்க நீச்சல்குளத்துக்கு இருக்கறது மணல் பில்ட்டர், வால்வைத் திருப்பி தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டா அழுக்கு தானா வெளிய போயிடும். தொட்டியில இருக்கறது கார்ட்ரிட்ஜ், பாலியஸ்டர் துணிய நெருக்கமா மடிச்சு உருளையா வச்சிருப்பான், அதக் கழட்டி கையால கழுவணும். ரெண்டுக்கும் வடிகட்டின்னே எழுதினா வேலைக்கு வர்ற பையன் எத எப்படி கழுவறதுன்னு முழிப்பான். அதனால ஒண்ணு மணல் வடிகட்டி, இன்னொண்ணு கொசுவ வடிகட்டி. என்ன சொல்றீங்க?

---

மன்னார்குடியிலிருந்து:

அண்ணே, மடிப்பு வடிகட்டின்னா போதாதா? கொசுவம்னா பசங்க சிரிப்பாங்க. கார்ட்ரிட்ஜ்னு விட்டாலும் தப்பில்ல, கடையில அப்படித்தான கேக்கணும். பழைய சொல்லுதான் வேணும்னா பன்னாடை இருக்கே, கள்ளு வடிகட்டினது அதுலதான :)

---

தம்பி, "பன்னாடைய கழட்டிட்டேன் சார்"னு மேனேஜர்கிட்ட போய் சொல்லிப் பாரு, வேலை இருக்குமான்னு தெரியும்.

மடிப்பு எனக்குப் பத்தல. சட்டையையும் மடிக்கறோம் பேப்பரையும் மடிக்கறோம், ஆனா ஒரே அளவுல அடுத்தடுத்து வரிசையா வர்ற மடிப்புக்கு நம்மகிட்ட இருக்கற சொல்லு கொசுவம்தான். பொம்பளைங்க சொல்லுன்னு சிரிக்கறவன் பஞ்சகச்சம் கட்டிப் பாக்கட்டும், அதுலயும் கொசுவம் இருக்கு. இன்னொரு லாபம், கார் ஏர் பில்ட்டரும் இதே அமைப்புதான், பேரு அங்கயும் செல்லும்.

முக்கியமான காரணம் வேற. அழுக்கு உக்காந்திருக்கறதே கொசுவத்துக்கு உள்ளதான். மேலாப்புல தண்ணி ஊத்திட்டு மாட்டிட்டா வெளிய வெள்ளையா தெரியும், உள்ள பிசுக்கு அப்படியே இருக்கும், தண்ணி ஓட்டம் குறைஞ்சு ஹீட்டர் தானா நின்னுடும். அப்புறம் ஹீட்டர் போச்சுன்னு எலக்ட்ரீஷியனக் கூப்பிடுவாங்க. கையேட்டுல இப்படி எழுதியிருக்கேன்: முதல்ல மெயின் சுவிட்ச அணை. கொசுவ வடிகட்டியக் கழட்டி நிமித்தி வச்சு, ஹோஸ் பைப்ப சாய்வாப் புடிச்சு மேலேர்ந்து கீழ, ஒவ்வொரு கொசுவமா விரிச்சு விரிச்சு அலசு. "ஒவ்வொரு மடிப்பா"ன்னு எழுதிப் பாத்தேன், கண்ணுக்கு எதுவும் தெரியல. வாரம் பத்து நாளைக்கு ஒருக்கா இது போதும். கார் கழுவற பிரஷர் பம்பு கூடாது, நார் பிஞ்சுடும். பாத்திரம் கழுவற சோப்பும் வேணாம், மிச்சம் ஒட்டிக்கிட்டு தொட்டி பூரா நுரை தள்ளும்.

நம்ம ஊர்ல கூடுதலா ஒரு தொல்லை எண்ணெய். மசாஜ் முடிச்ச கையோட குளிக்காம நேரா தொட்டியில எறங்கிடறாங்க, அத்தனை எண்ணெயும் துணிக்குத்தான் போகுது, வெறும் தண்ணிக்கு அது அசையாது. அதுக்குன்னு விக்கற எண்ணெய் எடுக்கற கரைசல்ல ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலைல நல்லா அலசணும். ஊறற நேரத்துல மாட்ட இன்னொரு செட்டு வாங்கி வைக்கச் சொல்லியிருக்கேன், வடிகட்டி இல்லாம பம்ப ஓட்டவே கூடாது.

---

நாகப்பட்டினத்திலிருந்து:

கொசுவத்துக்கு என் ஓட்டு. ஆனா ஐயா, அனுப்பின வரைவுல "உப்பு படிஞ்சா ஆசிட்டு"ன்னு இருக்கு பாருங்க, அது இடிக்குது. எங்க பக்கம் கரிக்கற தண்ணியும் உப்புத்தண்ணி, சோப்பு நுரைக்காத தண்ணியும் உப்புத்தண்ணி. கரிக்கற உப்பு அலசினாப் போயிடும். வெள்ளையா சொரசொரன்னு கெட்டியா ஒட்டறது கால்சியம், தண்ணி சூடாக சூடாக அது இன்னும் வேகமாப் படியும், 40 டிகிரி தொட்டியில கேக்கவே வேணாம். ஆசிட்டு அதுக்குத்தான். சுண்ணாம்புப் படிவுன்னு போடுங்க.

அப்புறம் வரிசையக் கொட்டை எழுத்துல போடணும். மொதல்ல எண்ணெய், பொறவுதான் ஆசிட்டு. மாத்திச் செஞ்சா எண்ணெய் துணியிலயே இறுகிப்போய் வடிகட்டியத் தூக்கித்தான் போடணும்.

---

சுண்ணாம்புப் படிவு, எடுத்துக்கறேன். ஆசிட்டு ஒரு பங்குக்குத் தண்ணி 20 பங்கு, தண்ணியிலதான் ஆசிட்ட ஊத்தணும், ஆசிட்டுல தண்ணிய ஊத்தக்கூடாதுன்னும் சேத்துட்டேன். மன்னார்குடித் தம்பிக்காக, முதல் தடவ வர்ற எடத்துல மட்டும் "கொசுவ வடிகட்டி, கடையில கார்ட்ரிட்ஜ் என்று கேட்கவும்"னு ஒரு வரி. ஒண்ணு ரெண்டு வருஷத்துல புதுசு வாங்கத்தான வேணும், அப்ப உதவும்.

ஸ்கிம்மருக்கு, அதான் தண்ணி மேல மெதக்கற குப்பைய இழுத்து எடுக்கற பாகத்துக்கு, யாராவது ஏதாவது பேரு வச்சிருக்கீங்களா? ஆடைவாரின்னு ஒருத்தர் தனியா எழுதியிருக்காரு, பால் ஏடு எடுக்கற கணக்குல. துணி அள்றதுன்னு நெனச்சுடுவாங்களோன்னு யோசிக்கறேன்.