நம்ம வீட்டு குரூப், திருப்பாப்புலியூர்

சுகன்யா, காலை 9:12
33 வாரம் ஆயிடுச்சு 😄 பாப்பா இப்ப அன்னாசிப்பழம் சைஸ்ல இருக்காம், போன்ல இருக்கிற கர்ப்ப ஆப் சொல்லுது

பெரியம்மா, 9:15
மாசமா இருக்கிறவகிட்ட அன்னாசிப் பேச்சா? எவன்டி அத எழுதினவன், பண்ருட்டி பலாப்பிஞ்சுன்னு சொல்லக்கூடாதா

சுகன்யா, 9:16
😂😂 சைஸ் தான் பெரியம்மா, சாப்பிட சொல்லல

சுகன்யா, 9:18
ஆனா காலு நல்லா வீங்கியிருக்கு, நேத்து மோதிரம் கழட்டவே வரல சோப்பு போட்டு உருவினேன், ஆப்ல பாத்தா வீக்கம் சகஜம் கால தூக்கி வச்சுக்கோங்கன்னு போட்டிருக்கு

பெரியம்மா, 9:20
நீர் கோத்திருக்கு. பார்லி தண்ணி குடி இறங்கிடும்

கலா அண்ணி, 9:31
இப்பதான் டூட்டி முடிஞ்சு பாக்குறேன். கால் வீங்கினா கூட பரவால்ல, கை வீங்குது மோதிரம் டைட்டுன்றது எனக்கு சரியா படல. தலைவலி இருக்கா? கண்ணுல பூச்சி பறக்குதா? மேல்வயிறு வலி?

சுகன்யா, 9:33
தலைவலி காலைல இருந்து அண்ணி, தூக்கம் பத்தலன்னு நெனச்சேன்

கலா அண்ணி, 9:33
5 நிமிஷம் சாஞ்சு உக்காரு, கால் தரையில, கை நெஞ்சு மட்டத்துக்கு, பேசாத. பிபி பாத்து போடு

சுகன்யா, 9:41
148/96
மறுபடியும் பாத்தேன் 146/96 😟

கலா அண்ணி, 9:42
140/90 வந்தாலே பாக்கணும். உடனே கிளம்பு, யூரின்ல ஆல்புமின், அதான் புரதம், இறங்குதான்னு பாப்பாங்க. பிக்மி நம்பர் (கர்ப்பத்த பதிவு பண்ணப்ப குடுத்தது), பழைய ஸ்கேன் எல்லாம் எடுத்துக்க. பார்லி அப்புறம் பெரியம்மா கோவிச்சுக்காதீங்க

மணி மாமா, 9:43
லாரன்ஸ் ரோட்ல தான் இருக்கேன், காரோட வரேன்

சுகன்யா, மதியம் 1:52
அட்மிட் போட்டுட்டாங்க, ஆல்புமின் இருக்காம், 2 நாள் வச்சுப் பாக்கணும்னாங்க. டாக்டரம்மா என் போன வாங்கி ஆப்ல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் போட்டு வச்ச பிபிய பாத்தாங்க, 112/70, 124/78, 134/86ன்னு ஏறிட்டே வந்திருக்கு, நான் கவனிக்கவே இல்ல, ஆப்பும் ஒண்ணும் கத்தல. எழுதி வச்சது நல்லதாப் போச்சுன்னாங்க

கலா அண்ணி, 1:58
அதுக்குத்தான் ஆப்பு. நம்பரு உன்னோடது, டிப்ஸ் ஊருக்கே பொதுவா எழுதினது. இப்ப சாப்பிட்டு இடது பக்கம் சாஞ்சு படுத்து பாப்பா அசையறத எண்ணு, அசைய அசைய ஆப்ல பட்டன அமுக்கு, 2 மணி நேரத்துல 10 வரணும். வரலன்னா ஆப்ப நோண்டிட்டு இருக்காம டூட்டி நர்ஸ கூப்பிடு

பெரியம்மா, 2:03
ரசம் சாதம் கொண்டு வரேன். உப்பு போடலாமா கூடாதா

கலா அண்ணி, 2:04
அளவா போடுங்க. அப்பளம் ஊறுகா வேணாம்

பெரியம்மா, 3:10
ஏன்டி அன்னாசி அசையுதா?

சுகன்யா, 3:11
7 ஆச்சு பெரியம்மா

சுகன்யா, 3:14
8 🙈