பேக்ஹோ ஏற்றினால் சங்கிலி தளர்ந்துவிடுகிறது: லீவர் பைண்டரா, ராட்செட் பைண்டரா?

கேள்வி:
அண்ணாமார், ஒன்ராறியோவில் ட்ரை வான் (மூடிய பெட்டி லொறி) ஓடிவிட்டு இப்போதுதான் பிளாட்பெட்டுக்கு (திறந்த தட்டை லொறி) மாறியிருக்கிறேன். மிசிசாகாவில் 16,000 இறாத்தல் பேக்ஹோ (மண் தோண்டும் மெஷின்) ஒன்றை ஏற்றி, நான்கு மூலையிலும் சங்கிலி போட்டு லீவர் பைண்டரால் (கைபிடியை மடக்கிச் சங்கிலியை இறுக்கும் கருவி) நன்றாக இறுக்கினேன். ஹைவே 400 இல் பாரி (Barrie) நகரம் வருவதற்குள் பின்பக்கச் சங்கிலி இரண்டும் தொங்குகின்றன. முன்பக்க லீவர் ஒன்று திறக்கவே மாட்டேன் என்கிறது. குழாய் செருகி நெம்பச் சொல்கிறார்கள். சங்கிலி 3/8 அங்குலம், பழையது, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. பைண்டரில் தாங்கும் எடை 5,400 இறாத்தல் என்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:
தம்பி, குழாயைத் தொடவே வேண்டாம். கைபிடி நீளம் இரண்டு மடங்கானால் பைண்டர் மேல் விழும் விசையும் இரண்டு மடங்கு. திறக்கும்போது அத்தனை இழுவையும் கைபிடி வழியே திரும்பி வரும். தாடை, பல், மணிக்கட்டு எல்லாம் போகும். வேறொரு ராட்செட் பைண்டரை (பல்சக்கரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கும் கருவி) எடுத்து, இறுகிய லீவருக்கு இரு பக்கமும் உள்ள சங்கிலியைப் பிடிக்கும்படி கொளுவி இறுக்குங்கள். சுமை அதற்கு மாறியதும் லீவரைத் திறக்கலாம். அப்போதும் கைபிடி வீசக்கூடிய பாதையில் நிற்காமல், உள்ளங்கையை விரித்துக் கைபிடிக்குக் கீழே வைத்து மேல்நோக்கித் தள்ளுங்கள். விரலால் சுற்றிப் பிடிக்க வேண்டாம்.

தளர்வதற்குப் பெரும்பாலும் டயர்தான் காரணம். குழியில் விழும்போதெல்லாம் மெஷின் தன் டயரில் அமுங்கி எழும். முறுக்கிக் கிடந்த வளையம் ஒன்று நேரானாலும் போதும், இழுவை போய்விடும். லீவரில் ஒரு வளையம் தள்ளித்தான் கொளுவ முடியும். ஒன்றில் தளர்வு, இல்லாவிட்டால் மூடவே வராது. ராட்செட்டில் பல் பல்லாக இறுக்கலாம், அப்படியே மெதுவாகத் தளர்த்தலாம். மெஷின் ஏற்றுகிறவர்கள் ராட்செட்டே வாங்குங்கள் என்பேன், விலை கூட என்றாலும்.

இன்னொருவர்:
எனக்குப் பயம் அந்த எழுத்தில்லாத சங்கிலியில்தான். போக்குவரத்துச் சங்கிலி என்றால் வளையத்தில் 7 அல்லது 70 என்று அடித்திருக்கும். இது சங்கிலியின் வலுத் தரம், கிரேட் என்பார்கள். குறி இல்லாவிட்டால் அதைக் கிரேட் 30 க்கு மேல் கணக்கில் எடுக்க முடியாது. 3/8 அங்குலத்தில் தாங்க அனுமதித்த எடை கிரேட் 70 க்கு 6,600 இறாத்தல், கிரேட் 30 க்கு 2,650 தான்.

மூலையிலிருந்து மெஷினுக்கு நேரே போகும் சங்கிலிக்குப் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 1,325 ஐ நாலால் பெருக்கினால் 5,300. உங்களுக்கு வேண்டியது சுமையில் பாதி, 8,000. ஸ்கேலில் (லொறிகளைச் சோதிக்கும் எடை நிலையம்) நிற்பாட்டினால் வண்டி அங்கேயே நிற்கும். கிரேட் 70 வாங்கினாலும் பைண்டர் 5,400 என்றால் அந்தச் சிறிய எண்தான் கணக்கு: 2,700 ஐ நாலால் பெருக்க 10,800. போதும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. இன்றே சங்கிலி மாற்றுகிறேன். பின்பக்க பூமுக்கும் (தோண்டும் நீண்ட கை) தனிச் சங்கிலி வேண்டுமா? வழியில் எத்தனை தடவை பார்க்க வேண்டும்?

பதில்:
வேண்டும். முன் பக்கெட்டையும் பின் பூமையும் டெக்கில் (லொறித் தட்டில்) இறக்கி வைத்து, தனித்தனியாகக் கட்ட வேண்டும். மூலைச் சங்கிலி நாலும் வேறு. முதல் 80 கிலோமீற்றருக்குள் ஒரு தடவை, பிறகு 240 கிலோமீற்றர் அல்லது மூன்று மணித்தியாலம், எது முதலில் வருகிறதோ அப்போது. பைண்டரை நிலத்தில் நின்றே எட்டக்கூடிய இடத்தில் போடுங்கள். பனிக்காலத்தில் டெக்கில் ஏறி நின்று இறுக்கக் கூடாது. மிச்சச் சங்கிலியைக் கைபிடியில் சுற்றிக் கட்டிவிடுங்கள். ராட்செட்டின் திருகு மரைக்கு எண்ணெய் விட மறக்க வேண்டாம், ரோட்டு உப்பில் இறுகிவிடும்.