30,000 ரூபாய்க்குள் ரோட் பைக்: ஏற்காடு ஏற விரும்பும் புதியவருக்கு எது பொருந்தும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் வசிக்கிறேன். பள்ளிப் பருவத்துக்குப் பிறகு சைக்கிள் ஓட்டியதில்லை. காலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகி, ஓராண்டுக்குள் ஏற்காட்டுக்கு மிதித்தே ஏறிவிட வேண்டும் என்பது ஆசை. எல்லாச் செலவுக்கும் சேர்த்து 30,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். பழைய ரோட் பைக் (மெல்லிய டயரும் வளைந்த கைப்பிடியும் கொண்ட வேக சைக்கிள்) வாங்கலாமா, புதிய ஹைப்ரிட் சைக்கிளில் (நேரான கைப்பிடியும் சற்று அகலமான டயரும் கொண்டது) தொடங்குவது நல்லதா? உயரம் 5 அடி 6 அங்குலம். எடை 72 கிலோ.

மறுமொழி 1

வணக்கம். முழுத் தொகையையும் வண்டிக்கே கொடுத்துவிட வேண்டாம் என்பதுதான் முதலில் நான் சொல்ல விரும்புவது. ஹெல்மெட், முன் பின் விளக்குகள், காற்றழுத்தம் காட்டும் பம்ப், மாற்று டியூப், டயர் கழற்றும் லீவர் ஆகியவற்றுக்கு 5,000 ரூபாயாவது தனியாக எடுத்து வையுங்கள். இவை இல்லாமல் வாங்கிய வண்டி, முதல் பஞ்சரிலேயே வீட்டு மூலைக்குப் போய்விடுகிறது.

மீதித் தொகைக்கு, நன்றாகப் பராமரிக்கப்பட்ட பழைய ரோட் பைக்கையே நான் பரிந்துரைப்பேன். நிறுவனத்தின் பெயரை விட அளவு முக்கியம். உங்கள் உயரத்துக்கு 52 முதல் 54 செ.மீ. வரையிலான ஃபிரேம் பொருந்தக்கூடும். ஆனால் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறுவதால், உட்கார்ந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெடல் அடிப்பகுதியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். சீட் உயரத்தைத் தொடக்கத்தில் அமைக்க அதுவே போதுமான கணக்கு.

வாங்கப் போகும்போது ஓரடி ஸ்கேல் ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், புதிய செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடுப்பகுதி வரும். அது 1/16 அங்குலம் தள்ளி இருந்தால் செயினை மாற்ற வேண்டும்; 1/8 அங்குலம் தள்ளி இருந்தால் காசெட்டும் (பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரத் தொகுப்பு) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழும் பெடல் அச்சைச் சுற்றியும் உள்ள வெல்டிங் இணைப்புகளை டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மறுமொழி 2

மேலே உள்ள நண்பர் சொன்ன சோதனைகள் அனைத்தும் சரியானவை. ஆனாலும் அன்றாடப் போக்குவரத்துக்கும் அதே வண்டிதான் என்றால் நான் ஹைப்ரிட்டையே சொல்வேன். 32 அல்லது 35 மி.மீ. அகல டயர் நம் சாலைகளின் பள்ளங்களையும் வேகத்தடைகளையும் தாங்கும். முன்பக்க சஸ்பென்ஷன் உள்ளதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இந்த விலையில் அது எடையைக் கூட்டுமே தவிர, தார்ச்சாலையில் பெரிதாக உதவாது. ரோட் பைக்கே வாங்கினால், அதன் டியூபில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். பக்கத்துப் பஞ்சர் கடையில் காற்றடிக்க முடியாமல் நிற்க நேரும் என்பதால், சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. 22,000 ரூபாய்க்கு ஒரு பழைய ரோட் பைக் பார்த்தேன். செயின் புதியது. ஃபிரேம் அளவு 56. முன்பக்கப் பல்சக்கரங்களில் 53, 39 பற்கள். பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 25 பற்கள். வாங்கலாமா?

மறுமொழி 3

ஐயா, இதை வாங்க வேண்டாம். ஃபிரேம் உங்களுக்குப் பெரியது. ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குறுக்கி ஓரளவு சரிசெய்யலாம் என்றாலும், கழுத்தும் உள்ளங்கையும் நெடுந்தூரத்தில் வலிக்கக்கூடும். அதைவிடப் பெரிய தடை கியர். 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரும் ஏற்காட்டுச் சாலையில், புதியவர் ஒருவர் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். முன்னால் 39, பின்னால் 25 என்றால், அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்குச் சுமார் 40 முறைதான் சுற்றும்; ஒவ்வொரு சுற்றுக்கும் முழு உடலாலும் அழுத்த வேண்டியிருக்கும், முட்டி தாங்காது. முன்னால் 34, பின்னால் 32 என்றால் அதே வேகத்துக்கு ஏறக்குறைய 60 சுற்று வரும். மூச்சு வாங்கினாலும் தொடர்ந்து மிதிக்கலாம். எனவே முன்பக்கம் 50, 34 பற்கள் உள்ள, ஷிமானோ நிறுவனத்தின் கிளாரிஸ் அல்லது சோரா வகை கியர் பாகங்கள் பொருத்திய வண்டியாகத் தேடுங்கள்.

இறக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சக்கர வளையத்தை (ரிம்) அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்துங்கள். பேருந்துகள் அகலமாகத் திரும்பும் என்பதால், எக்காரணம் கொண்டும் நடுக்கோட்டைத் தாண்டாதீர்கள். முதல் சில முறை பாதி மலை வரை ஏறி, இறங்கிப் பழகிய பிறகு முழுதும் போகலாம். பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிவிட்டே அடிவாரத்திலிருந்து கிளம்புங்கள்.