லபூபு: பாதத்து முத்திரை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சிங்கப்பூர் பீஷான் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நேரில் தருவதாக ஒருவர் பாப் மார்ட் நிறுவனத்தின் லபூபு பொம்மையைக் கடை விலையில் பாதிக்கு விற்கிறார். படத்தில் பற்கள் 9, அசலிலும் அவ்வளவுதான். எண்ணிக்கை தப்பினால் சந்தேகமே வேண்டாம், போலி. சரியாக இருந்தால் மட்டும் அசல் ஆகிவிடாது, போலிக்காரர்களுக்கும் எண்ணத் தெரியும்! க்யூஆர் குறியீடும் அப்படித்தான். ஸ்கேன் செய்தால் பாப் மார்ட் தளம் போலவே ஒன்று திறந்து "அசல்" என்று காட்டும். முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

என் கேள்வி: புதிய வரிசைகளில் பாதத்தில் புற ஊதா ஒளிபட்டால் மட்டும் தெரியும் முத்திரை, 2023-இல் வந்த முதல் மெக்கரான் வரிசையிலும் உண்டா? பார்க்க 395 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா டார்ச் போதுமா, 365 வேண்டுமா? சனிக்கிழமை சந்திப்பு, அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.