பிரெடிகேட்டும் பயனிலையும் ஒன்றா? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கோத்தகிரி டியூஷன்:
வணக்கம். ஏழாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணம் எடுக்கிறேன். சப்ஜெக்ட் என்றால் எழுவாய், பிரெடிகேட் என்றால் பயனிலை என்று சொல்லிக்கொடுத்தால் இரண்டு இடத்தில் தப்பு வருகிறது. பிரெடிகேட்டுக்கு அடிக்கோடு போடச் சொன்னால் வினைச்சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். "தி டீ லீவ்ஸ் ஃப்ரம் திஸ் எஸ்டேட் கோ டு குன்னூர்" என்பதில் எஸ்டேட்தான் சப்ஜெக்ட் என்று நினைத்து "கோஸ்" என்று எழுதுகிறார்கள். எங்கிருந்து திருத்துவது?

கொடைக்கானல் வாத்தியார்:
முதல் தப்பு பிள்ளைகளுடையது இல்லைங்க, அந்த மொழிபெயர்ப்பிலிருந்து வருவது. "குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும்" என்பதில் தமிழுக்குப் பயனிலை "பூக்கும்" மட்டும்தான். "குறிஞ்சி ப்ளூம்ஸ் ஒன்ஸ் இன் ட்வெல்வ் இயர்ஸ்" என்று எழுதினால், "ப்ளூம்ஸ்" தொடங்கிக் கடைசிச் சொல் வரை அத்தனையும் பிரெடிகேட். செயப்படுபொருளைத் தமிழில் தனியாக எண்ணுகிறோம். ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தில் அதுவும் பிரெடிகேட்டுக்குள்ளேயே அடங்கும். நம் பயனிலைக்கு நிகரானது அவர்கள் "சிம்பிள் பிரெடிகேட்" என்று சொல்லும் வினைப்பகுதிதான். கேள்வித்தாள் கேட்பது பெரும்பாலும் "கம்ப்ளீட் பிரெடிகேட்". இந்த இரண்டு பெயரையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

"அவர் ஆசிரியர்" போன்ற பெயர்ப் பயனிலையிலும் இதே சிக்கல். தமிழில் வினையே வேண்டாம், ஆங்கிலத்தில் "இஸ்" இல்லாமல் வாக்கியம் நிற்காது. "ஹி டீச்சர்" என்று பிள்ளைகள் எழுதுவது இதனால்தான்.

குன்னூர் மேடம்:
இரண்டாவது தப்புக்கு: "வேலை செய்பவர்தான் சப்ஜெக்ட்" என்ற விளக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். "தி லீவ்ஸ் ஆர் ப்ளக்ட் பை ஹேண்ட்" என்பதில் இலை எந்த வேலையும் செய்யவில்லை, ஆனாலும் அதுதான் சப்ஜெக்ட்.

முதலில் காலம் காட்டும் வினையைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு அதற்கு முன்னால் இருப்பதை எடுத்துவிட்டு "இட்" அல்லது "தே" போட்டுப் பார்க்க வேண்டும். "தே கோ டு குன்னூர்" பொருந்துகிறதா? அப்படியானால் "தி டீ லீவ்ஸ் ஃப்ரம் திஸ் எஸ்டேட்" முழுவதும் ஒரே சப்ஜெக்ட். அதற்குள் "ஃப்ரம்", "ஆஃப்", "இன்" எங்கே வருகிறதோ, அங்கிருந்து பின்னால் உள்ளதை அடைப்புக்குள் போட்டு மறைத்தால் மிஞ்சுவது "லீவ்ஸ்". வினை அதைத்தான் பார்க்கும். "தி ப்ரைஸ் ஆஃப் கேரட்ஸ் இஸ் ஹை" என்பதில் "ஆர்" வராததும் இதனால்தான்.

வாக்கியம் சப்ஜெக்டில்தான் தொடங்கும் என்று நம்பவிடாதீர்கள். "இன் 1908 தி டிரெயின் ரீச்ட் ஊட்டி." கடைசியில் "டிடின்ட் இட்?" சேர்த்துப் பாருங்கள். அந்த "இட்" டிரெயினைக் குறிக்கிறது, 1908-ஐ இல்லை. இந்தச் சோதனை "தேர்" வரும் வாக்கியத்தில் மட்டும் ஏமாற்றும். "தேர் ஆர் 16 டனல்ஸ் ஆன் திஸ் லைன்" என்பதற்கு "ஆரின்ட் தேர்?" என்றுதான் வரும். அங்கே வினைக்குப் பின்னால் வரும் "16 டனல்ஸ்" சப்ஜெக்ட் என்று பள்ளி அளவில் சொன்னால் போதும். "ஆர்" வந்ததற்குக் காரணமும் அதுவே.

கொடைக்கானல் வாத்தியார்:
மேடம் சொன்னதோடு ஒன்று. நம் ஊரில் தினமும் சொல்லும் "எனக்குக் குளிருது" வாக்கியத்தில் எழுவாய் வெளியே தெரியாது. பிள்ளைகள் "எனக்கு" என்பதை அப்படியே பெயர்த்து "மீ கோல்ட்" என்கிறார்கள். ஆங்கிலத்தில் "ஐ ஃபீல் கோல்ட்". "குளிருது" என்று பொதுவாகச் சொன்னால்கூட "இட் இஸ் கோல்ட்". அந்த "இட்" எதையும் குறிக்காது, இடத்தை நிரப்பத்தான் நிற்கிறது. கட்டளை வாக்கியத்தில் மட்டும் நம் தோன்றா எழுவாய் மாதிரியே "யூ" மறைந்திருக்கும்.

கோத்தகிரி டியூஷன்:
ரொம்ப நன்றிங்க. கேள்வி வாக்கியத்தில் எப்படிப் பிரிப்பது?

குன்னூர் மேடம்:
சாதாரண வாக்கியமாக மாற்றிவிட்டுப் பிரியுங்கள். "டஸ் தி பஸ் ஸ்டாப் ஹியர்?" என்பது "தி பஸ் ஸ்டாப்ஸ் ஹியர்" ஆகும், "தி பஸ்" சப்ஜெக்ட். "ஹூ டிரைவ்ஸ் திஸ் பஸ்?" என்பதை மாற்றத் தேவையில்லை, "ஹூ"தான் சப்ஜெக்ட். அங்கே "டஸ்" வரவில்லை என்பதே அதற்கு அடையாளம்.