டர்பனில் கிடைத்த கடற்படை உயிர்காப்புப் பொருள்களின் காலத்தை எப்படிக் கணிப்பது?

கேள்வி: புளஃப் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். டர்பன் துறைமுகத்தை ஒட்டிய புளஃப் பகுதியில், காலமான ஒரு முதியவரின் வீட்டுப் பொருள்கள் விற்பனைக்கு வந்தபோது நான்கு பொருள்களை ஒரே தொகுப்பாக வாங்கினேன். முதலாவது, கருநீலப் பருத்தித் துணியால் மூடிய, வாயால் ஊதி நிரப்பும் ரப்பர் இடுப்புப் பட்டை. அதைத் தோளில் மாட்டப் பருத்தி நாடாக்கள் உள்ளன. இரண்டாவது, ஆரஞ்சு நிற நைலான் உயிர்காப்பு அங்கி. அதன் துணிச்சீட்டில் 4220-99 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்க எண் உள்ளது. மூன்றாவது, கிரீடமும் 'ஏ.எம். 23/230' என்ற எழுத்துகளும் பொறித்த உலோக விசில். நான்காவது, இரு முனைகளும் ஈயம் வைத்து அடைக்கப்பட்ட, துருப்பிடித்த தகர உருளை. அசைத்தால் உள்ளே ஏதோ உருள்கிறது. நான்கும் இரண்டாம் உலகப் போரின்போது ஒரே கப்பலில் இருந்தவை என்று விற்றவர் கூறினார். இது உண்மையாக இருக்க முடியுமா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில் 1: சைமன்ஸ் டவுன் அன்பர்

ஐயா, மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம். அந்த உருளையை இனி அசைக்காதீர்கள், ஈரம் படவும் விடாதீர்கள். நீங்கள் வர்ணிப்பதைப் பார்த்தால் அது ஹோம்ஸ் விளக்காக இருக்கலாம். மிதவை வளையத்தோடு கட்டி வைத்து, ஆள் கடலில் விழுந்தால் இரு முனைகளையும் துளைத்து உடன் எறிவார்கள். உள்ளே இருக்கும் கால்சியம் பாஸ்பைடு நீர்பட்டதும் பாஸ்பீன் வாயுவை வெளியிட்டுத் தானாகவே தீப்பற்றும். உடனிருக்கும் கார்பைடிலிருந்து எழும் வாயு அந்தச் சுடரை வளர்க்கும். துரு ஒரு சிறு துளை போட்டுவிட்டாலே டர்பனின் ஈரக்காற்று உள்ளே புகுந்துவிடும். பாஸ்பீன் கடும் நச்சும்கூட. காவல்துறையின் வெடிபொருள் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லி, அவர்களையே வந்து எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்; நீங்கள் வண்டியில் கொண்டு போக வேண்டாம். சேகரிப்புக்கு ஒரு படம் போதும்.

பதில் 2: பீனிக்ஸ் சேகரிப்பாளர்

அன்பர் சொன்னதை முதலில் செய்துவிடுங்கள். மற்ற மூன்றும் ஒரே காலத்தவை அல்ல என்பது நீங்கள் தந்த விவரங்களிலேயே தெரிகிறது.

ஆரஞ்சு அங்கி போர்க்காலத்தது அன்று. 4220 என்பது கடல் உயிர்காப்பு மற்றும் முக்குளிப்புச் சாதனங்களுக்குரிய வகை எண். 99 என்பது பிரிட்டனுக்குரிய குறியீடு. இந்த எண்முறை மேற்கு நாடுகளின் இராணுவக் கூட்டணியான நேட்டோவினுடையது. நேட்டோவே 1949-இல்தான் தோன்றியது என்பதால், இந்த எண் தாங்கிய துணிச்சீட்டு 1945-க்கு முந்தைய பொருளில் இருக்கவே முடியாது. அந்த 99, பொருளைப் பட்டியலிட்ட நாட்டையே காட்டும், தைக்கப்பட்ட நாட்டை அன்று. தயாரிப்பாளர் பெயரைத் தனியாகத் தேடுங்கள். பிரிட்டன் 1957-இல் சைமன்ஸ் டவுன் கடற்படைத் தளத்தைத் தென்னாப்பிரிக்காவிடம் ஒப்படைத்தது. அதன் பிறகும் பிரிட்டிஷ் வகைச் சாதனங்கள் இங்கே புழக்கத்தில் இருந்தன. டர்பன் துறைமுகத்துச் சால்ஸ்பரி தீவில் இந்திய இளைஞர்கள் பயிற்சி பெற்ற எஸ்.ஏ.எஸ். ஜல்சேனா தளம் 1970-களில் இயங்கியது நம்மில் பலருடைய குடும்பங்களுக்குத் தெரியும். அந்த முதியவர் எந்த ஆண்டுகளில், எங்கே பணியாற்றினார் என்று உறவினரிடம் கேட்டுப் பாருங்கள்.

விசில் கடற்படையினது அன்று. ஏ.எம். என்பது பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தைக் குறிக்கும். 23/230 அதன் பண்டக எண். கடலில் விழும் விமானிகள் மீட்புப் படகை அழைப்பதற்காகத் தரப்பட்டது. டர்பன் கொங்கெலாவிலிருந்து பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா கடல்விமானங்கள் போரின்போது பறந்தன. ஆகவே இந்த ஊரில் அப்படியொரு விசில் கிடைப்பதில் வியப்பில்லை. கிரீடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: மேல்வளைவுகள் குவிமாடம்போல் உருண்டிருந்தால் அது மன்னர் காலக் கிரீடம்; நடுவில் தாழ்ந்திருந்தால் எலிசபெத் அரசி 1952-இல் பட்டத்துக்கு வந்த பிறகு செய்தது.

எனக்குப் பெரிதும் ஆர்வம் தருவது நீலப் பட்டைதான். அட்மிரால்டி (பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அலுவலகம்) மாதிரி எண் 14124 என்று சேகரிப்பாளர்கள் அறிந்த வகையோடு உங்கள் வர்ணனை பொருந்துகிறது. போரில் பரவலாக வழங்கப்பட்ட இந்தப் பட்டை, மயங்கியவரின் முகத்தை நீருக்கு மேலே நிறுத்தாது. இறந்த பிரிட்டிஷ் கடற்படையினரில் பெரும்பகுதியினர் கப்பலைவிட்டு நீரில் இறங்கிய பிறகே மாண்டனர் என்று கடற்படை உயிர்காப்பை ஆராய்ந்த டால்பட் குழு 1946-இல் அறிவித்தது; கழுத்தைத் தாங்கும் அங்கிகள் அதன் பின்னரே வந்தன. அதனால் இந்த வடிவமே காலத்தைச் சொல்லும் சான்று. ஆயினும் நாடக, திரைப்படத் தேவைகளுக்காகப் பிற்காலத்தில் செய்யப்பட்ட நகல்களும் சந்தையில் உள்ளன. இருட்டறையில் புறஊதா விளக்கைத் தையல் நூலின்மேல் பிடித்துப் பாருங்கள். போருக்குப் பிந்தைய நூல்களில் பல, அவற்றில் சேர்த்த வெண்மையூட்டிகளால் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும். பழைய பருத்தி நூல் மங்கலாகவே இருக்கும். இக்காலச் சலவைத்தூளில் துவைத்த பழைய துணியும் அப்படி ஒளிரும் என்பதால், வெளிப்புறத்தை நம்பாமல் மடிப்புக்குள் மறைந்த தையலைப் பாருங்கள். முத்திரை ஏதேனும் உண்டா?

கேட்டவரின் மறுமொழி: புளஃப் வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. உருளை குறித்துக் காவல்துறையிடம் தெரிவித்துவிட்டேன். மடிப்புக்குள் இருந்த நூல் ஒளிரவில்லை. விசிலின் கிரீடம் உருண்டையாக உள்ளது. பட்டையின் உட்புறத்தில், வாய்க்குழாய் சேரும் இடத்துக்குக் கீழே, மங்கிய கறுப்பு மையில் ஆங்கில 'யூ' எழுத்தும் அதற்குள் மேல்நோக்கிய அம்பும் தெரிகின்றன. இதன் பொருள் என்ன?

பதில் 3: பீனிக்ஸ் சேகரிப்பாளர்

மிக நல்ல செய்தி. அம்பு மட்டும் தனியே இருந்தால் பிரிட்டிஷ் அரசின் உடைமை. 'யூ'வுக்குள் அம்பு இருந்தால் அன்றைய தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் பாதுகாப்புப் படைக்கு உரியது. பிரிட்டிஷ் கப்பலிலிருந்து வந்ததைவிட, 1942-இல் உருவான தென்னாப்பிரிக்கக் கடற்படைப் பிரிவுகளில் ஒருவருக்கு வழங்கப்பட்டது என்றே கொள்ளத் தோன்றுகிறது. பிரிட்டிஷ் பட்டைகளைவிட இவை எளிதில் கண்ணில் படுவதில்லை. நம் நாட்டு வரலாற்றுக்கு மிகவும் நெருக்கமானவை.

தயவுசெய்து அதைத் துவைக்க வேண்டாம், ஊதிப் பார்க்கவும் வேண்டாம். முதிர்ந்த ரப்பர் மடிந்த கோட்டிலேயே பிளக்கும். அமிலமற்ற காகிதத்தைச் சுருட்டி மடிப்புகளுக்குள் வைத்து, பிளாஸ்டிக் உறையில் அடைக்காமல், வெயில் படாத அலமாரியில் கிடையாக வையுங்கள். விற்றவர் சொன்ன கதையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆனால் முத்திரையிலிருந்து நாம் அறிந்ததை அதனோடு கலக்காமல் வேறொரு தாளில் குறியுங்கள்.